கார்டில் இரண்டு தேதி

எங்கள் எஸ்டேட் கோலா சிலாங்கூரிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. பஸ் நிற்கும் சந்தியிலிருந்து நாங்கள் குடியிருந்த லயத்துக்கு இரண்டு மைல் செம்மண் ரோடு. வழியில் மூன்று பாலம். வாய்க்காலுக்கு மேல் சிமெண்டில் போட்டவை. ஓரத்தில் ஆள் உட்காரும் அளவுக்குக் கட்டை உண்டு. எண்பதுகளில் ஒரு வருசம், அந்த மூன்றிலும் உட்காராமல் என்னால் வீடு போய்ச் சேர முடியவில்லை. அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது.

வயிற்றில் பிள்ளை. கல்யாணமாகி ஐந்தாம் வருசம் தங்கிய பிள்ளை. ஆறு மாதம் முடிந்திருந்தது. மூச்சு வாங்கினால், எல்லோருக்கும் வாங்குவதுதானே என்று இருந்தேன்.

நான் ரப்பர் மரம் வெட்டினேன். பட்டையைக் கீறிப் பால் வடிய விடுவதை அப்படித்தான் சொல்வோம். வெட்டுவதில் கஷ்டம் இல்லை. பால் எடுக்கும்போதுதான் வாளி கனக்கும். நெஞ்சு படபடவென்று அடிக்கும். மரத்தில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடி நிற்பேன். அடுத்த நிரையில் வெட்டிய அக்கா, லயத்திலும் எனக்கு அடுத்த வீடு. என் மரங்களில் பாதிக்கு அவளே பால் எடுத்து என் வாளியில் ஊற்றிவிடுவாள். வேலை வாங்கும் மண்டோர் பார்த்தும் பார்க்காத மாதிரி போவார்.

அப்போது எனக்கு வேகாத அரிசி மேல் ஆசை. சோறு இறங்காது. அரிசியை வாயில் போட்டுக் கடித்துக்கொண்டே இருக்க வேண்டும். முந்தானையில் முடிந்து காட்டுக்கும் கொண்டு போவேன்.

"அரிசி கோழிக்கா, உனக்கா?" என்று அக்கா கேட்டாள்.

"ரெண்டு பேருக்கும்தான்."

"முட்ட போட்டா எனக்கு ஒண்ணு குடு."

சிரித்தோம். மசக்கை என்றாள் அவள். மசக்கை என்றுதான் நானும் நினைத்தேன். ரத்தத்தில் இரும்பு இல்லாவிட்டால் இப்படி அரிசி, மண், சாம்பல் என்று தேடும் என்று பிற்பாடு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

எஸ்டேட் கிளினிக்கில் டிரசர் இருந்தார். டாக்டர் இல்லாத நாளில் மருந்து கொடுப்பவர். என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, இரும்பு மாத்திரை ஒரு பொட்டலம் கொடுத்தார். அதைக் காலையில் கெட்டித் தேத்தண்ணியோடு விழுங்கினேன். தேத்தண்ணி அந்தச் சத்தை உடம்பில் சேர விடாது என்று எனக்குத் தெரியாது. வயிறு எரிந்தது. வெளிக்குப் போனால் கறுப்பாகப் போனது. மாத்திரைக்கு அப்படித்தான் போகும் என்று யாரும் சொல்லவில்லை. பயந்துவிட்டேன். உள்ளே ஏதோ அழுகுகிறது, பிள்ளைக்கு ஆகாது என்று நினைத்து மிச்சத்தை லயத்துப் பின்பக்கக் கால்வாயில் கொட்டினேன்.

அடுத்த மாதம் டிரசர் மறுபடி இமையை இழுத்தார்.

"வெள்ளத்துணி மாதிரி இருக்கு. மாத்திரை முழுங்கறியா?"

"முழுங்கறேன்."

"நெசமா?"

"ஆமா சார்."

அவர் காகிதத்தை எடுத்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ். ஒரு வியாழக்கிழமை தனியாகப் போனேன். விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். மலாய்க்கார டாக்டர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தாதியை நாங்கள் மிஸ்ஸி என்போம். அங்கே இருந்த மிஸ்ஸி ஒருத்தி தமிழ். அவள்தான் எடுத்துச் சொன்னாள்.

"ரத்தம் பன்னண்டு இருக்கணும்மா. உனக்கு ஆறுதான் இருக்கு. எப்படி இன்னும் நடக்கற?"

"உக்காந்து உக்காந்து நடக்கறேன்."

"இப்படியே பெத்தா நீ தாங்க மாட்ட. பிள்ளையும் எடை போடாது. இரும்பு மருந்து இருக்கு. நரம்புல ஏத்தறது. ஒரே நாளுல ஏத்திடலாம். அப்புறம் ரத்தம் தானா ஊறும். வர்ற செவ்வா இல்ல, அதுக்கு அடுத்த செவ்வா வந்து படு."

கார்டில் தேதி எழுதிக் கொடுத்தாள். அதை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். அன்று மூன்று பாலத்திலும் உட்கார்ந்தேன். ஆனால் மனசு லேசாக இருந்தது. ஒரே நாள்தானே.

வீட்டில் அவர் காத்திருந்தார். என் வீட்டுக்காரருக்குப் புல்லுக்கு மருந்து அடிக்கிற வேலை. அதிகம் பேசாதவர். அன்றைக்கு முகம் நிறையச் சிரிப்பு.

"ஏ புள்ள, பேர் குடுத்துட்டேன்."

"எதுக்கு?"

"தீமிதிக்கு. பிள்ள தங்குனப்பவே வேண்டிக்கிட்டேன். உங்கிட்ட சொல்லல."

எஸ்டேட் மாரியம்மன் திருவிழா வந்திருந்தது. அந்த ஞாயிறு கழித்து அடுத்த ஞாயிறு காப்புக் கட்டு. மஞ்சள் கயிற்றை மணிக்கட்டில் கட்டிக்கொள்வார்கள். அதிலிருந்து எட்டாம் நாள் தீ மிதிப்பார்கள். மறுநாள் மஞ்சள் தண்ணீர் ஊற்றியதும் கயிறு அவிழ்ப்பார்கள். அதுவரை காப்புக் கட்டியவர் வீட்டில் கறிமீன் கிடையாது. அந்த வீட்டு ஆட்கள் எஸ்டேட்டின் எல்லை தாண்டிப் போகலாம். ஆனால் விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிட வேண்டும். வெளியே ராத்தங்கக் கூடாது.

போன வருசம் ஒருவருக்குக் கால் வெந்துவிட்டது. இரண்டு பாதமும் கொப்புளம். நடக்க இரண்டு மாதம் ஆனது. அவர் சம்சாரம் காப்பு நாளில் சுங்கை ஆயர் தாவாரில் அம்மா வீட்டுக்குப் போய் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வந்தாள் என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த மனுசி குழாயடிக்கு வந்தால் பேச்சு நின்றுவிடும். நானும்தான் பேச்சை நிறுத்தினேன்.

நான் விரலை மடக்கிப் பார்த்தேன். மிஸ்ஸி எழுதிக் கொடுத்த செவ்வாய், காப்புக் கட்டி மூன்றாம் நாள்.

"ஆஸ்பத்திரில என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்.

"ரத்தம் கொஞ்சம் கம்மியாம். இரும்பு மருந்து ஏத்தணுமாம். திருவிழா முடிஞ்சு வரச் சொன்னாங்க."

"அப்ப சரி."

அவ்வளவுதான் பேச்சு. கார்டைத் தகரப் பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் போகாமல் இல்லை. போனேன். காலை பஸ்ஸிலேயே போனேன். சாயங்காலம் திரும்ப முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம் என்று.

வார்டில் ஒரு மலாய்க்காரப் பெண் படுத்திருந்தாள். அவளுக்கும் வயிறு பெரிதாக இருந்தது. தலைக்கு மேல் பாட்டில் தொங்கியது. உள்ளே காட்டுக்குக் கொண்டு போகும் வரக்காப்பி மாதிரி மருந்து. சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. அவள் ஒரு கையில் பிஸ்கட் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். இவ்வளவுதானா என்று எனக்கு இருந்தது.

"மிஸ்ஸி, இத ஏத்திட்டு சாயந்தர பஸ்ஸுக்குப் போயிடலாமா?"

"முடியாதும்மா. மொதல்ல கொஞ்சூண்டு விட்டுப் பாக்கணும். சில பேருக்கு ஒத்துக்காது, மூச்சு அடச்சிடும். அப்புறம் பகல் முழுக்க மெதுவா ஏறணும். ராத்திரி காய்ச்சல் வருதா பாக்கணும். நாளைக்குத்தான் விடுவாங்க."

"ராத்தங்க முடியாது மிஸ்ஸி. அவர் காப்புக் கட்டியிருக்காரு."

"தீ மிதிக்கிறது உன் புருசன்லா. நீயா நெருப்புல எறங்கப் போற?"

"அவர் காலு..."

"காலுக்கு ஒண்ணும் ஆவாது. நீ மொதல்ல படு."

நான் படுக்கவில்லை. நின்றுகொண்டே இருந்தேன். அவள் போய் டாக்டரிடம் பேசிவிட்டு வந்தாள். டாக்டர் தூரத்திலிருந்து கையை விரித்தார். கட்டி வைத்தா ஏற்ற முடியும்? மிஸ்ஸி கார்டை வாங்கி முதல் தேதியை ஒரு கோடு போட்டு அடித்தாள். கீழே வேறு தேதி எழுதினாள். அடுத்த வாரம் வியாழன்.

"அதுக்குள்ள ஏதாச்சும் வலி கிலின்னா ஓடி வந்துடு. திருவிழா, தேர்னு சொல்லாத."

"சரி மிஸ்ஸி."

"சரிங்கறா பாரு, நல்ல புள்ள மாதிரி."

விளக்கு வைப்பதற்குள் வீடு வந்துவிட்டேன். எங்கே போனாய் என்று அவர் கேட்கவில்லை. அக்கா மட்டும் கேட்டாள். டவுனுக்கு வளையல் வாங்கப் போனேன் என்றேன். கையில் வளையல் இல்லை. அவள் அதைப் பார்த்துவிட்டு வேலையைப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தீ மிதித்தார்கள். நான் தூரத்தில் நின்றேன். மேளச் சத்தத்தில் தலை சுற்றியது. அவர் மஞ்சள் வேட்டியில், வேப்பிலை பிடித்து, ஏழாவது ஆளாக இறங்கினார். ஓடவில்லை. நடந்தார். அந்தப் பக்கம் பால் ஊற்றிய குழியில் கால் வைத்து ஏறினார்.

வீட்டுக்கு வந்ததும் பாதத்தைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். ஒரு புள்ளி இல்லை.

"பாத்தியா? ஒண்ணும் ஆவல."

"ஆவாது."

"பயந்துட்டியா?"

"இல்ல."

அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோசத்தை மறைக்க மாட்டேன். இரண்டு காலையும் நான் காப்பாற்றிக் கொடுத்த மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை காப்பு அவிழ்த்தார்கள். செவ்வாய் காலையில் வேலைக்குப் போனேன். முப்பது மரம் வெட்டியிருப்பேன். இடுப்பில் வலி பிடித்தது. உட்கார்ந்தேன். எழ முடியவில்லை. அக்காதான் மண்டோரைக் கூப்பிட்டாள். பால் ஏற்றும் லோரியில் சாக்கு விரித்து என்னைப் படுக்க வைத்து ஆஸ்பத்திரி கொண்டு போனார்கள். மத்தியானம் பிள்ளை பிறந்தது. பெண். ஏழு மாதம் முழுசாக ஆகவில்லை.

சத்தம் ஒன்று கேட்டது. பூனைக்குட்டி மாதிரி. உடனே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கு ரத்தம் நிற்கவில்லை என்று ஓடியாடினார்கள். அப்புறம் எனக்கு நினைவில்லை.

கண் விழித்தபோது ஒரு பை ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. இன்னொரு பைக்கு என் வகை ரத்தம் அங்கே இல்லை. மிச்சத்துக்கு இரும்பு மருந்தே ஏற்றலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பிள்ளைகளை வைக்கும் அறை அடுத்த கட்டிடத்தில். நடுவில் கூரை போட்ட நடை. அவர் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"கண்ணாடிப் பெட்டில வச்சிருக்காங்க."

"எப்படி இருக்கா?"

"சின்னதா இருக்கா. கை இத்தனூண்டு." சுண்டுவிரலில் பாதியைக் காட்டினார். "மூக்கு உன் மூக்கு."

"பாலு?"

"குழாய்ல விடறாங்க."

புதன்கிழமை என்னை வீல் சேரில் உட்கார வைத்துக் கூட்டிப் போகப் பார்த்தார்கள். வார்டு வாசல் வரை போனேன். கண் இருட்டிவிட்டது. திரும்பக் கட்டிலில்தான் விழித்தேன்.

"நாளைக்கு மருந்து ஏத்திடறோம். நாளான்னைக்குக் காலைல நானே உன்னக் கூட்டிப் போறேன். அதுவரைக்கும் படு," என்றாள் அந்தத் தமிழ் மிஸ்ஸி.

நாளைக்கு வியாழன். கார்டில் எழுதிய இரண்டாவது தேதி அதுதான். அவளுக்கும் அது தெரியும். அன்றிலிருந்து ரவிக்கைக்குள்ளேயே வைத்திருந்த கார்டு இப்போது அவள் கையில் இருந்தது. திட்டியிருந்தால் தேவலை.

வியாழன் காலை மருந்து கொண்டு வந்தார்கள். முதலில் கொஞ்சம் விட்டு, டாக்டர் பக்கத்திலேயே நின்று பார்த்தார். மூச்சு அடைக்கிறதா, அரிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்புறம் பாட்டிலைத் திறந்துவிட்டார்கள். அந்த மலாய்க்காரப் பெண்ணுக்கு ஏறிய அதே மருந்து. முகம் சூடானது. நாக்கில் ருசி மாறியது. மரம் வெட்டும் கத்தியை நக்கினால் எப்படி இருக்கும், அப்படி. கை அசையக் கூடாது என்றார்கள். நான் அசைக்கவில்லை. ஒவ்வொரு சொட்டும் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இது முடிந்தால் நாளைக்குப் பிள்ளையைப் பார்க்கலாம்.

மத்தியானம் அவர் வந்தார். பாட்டிலில் பாதி இருந்தது. கட்டிலின் கால்மாட்டில் நின்றார். ஸ்டூல் இருந்தும் உட்காரவில்லை.

"பாத்தீங்களா அவள?"

"ம்."

"பாலு குடிச்சாளா?"

அவர் பாட்டிலைப் பார்த்தார்.

"இது முடியட்டும்," என்றார்.

அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கும் தெரிந்தது, எனக்குத் தெரிந்துவிட்டது என்று. நான் கேட்கவில்லை. கேட்டால் அவர் சொல்ல வேண்டியிருக்கும். சொன்னால் நான் எழுந்துவிடுவேன், ஊசி பிடுங்கிக்கொள்ளும், மருந்து வீணாகும். மிஸ்ஸி அப்படிச் சொல்லித்தான் அவரை அனுப்பியிருக்கிறாள். அவர் நின்றார். நான் படுத்திருந்தேன். மூன்று மணி நேரம் ஆகியிருக்கும். இரண்டு பேரும் அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தோம். நடுவில், அசைக்காமல் வைத்திருந்த முழங்கை வலிக்க ஆரம்பித்தது. அதைக்கூட நான் சொல்லவில்லை.

பாட்டில் காலியானது. மிஸ்ஸி வந்து ஊசியை எடுத்துப் பஞ்சு வைத்து ஒட்டினாள்.

"போயிட்டா புள்ள," என்றார் அவர். "பன்னண்டு மணிக்கு."

மிஸ்ஸி துணியில் சுற்றிக் கொண்டு வந்தாள். இரண்டு கையாலும் வாங்கினேன். கனமே இல்லை. மூக்கு என் மூக்குதான். விரல் நகம் எல்லாம் ஒழுங்காக இருந்தது. கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். பிறகு அவரிடம் கொடுத்தேன். எஸ்டேட்டிலிருந்து வேன் வந்திருந்தது. அவர் கொண்டு போய் எஸ்டேட் சுடுகாட்டு ஓரத்தில், சின்னப் பிள்ளைகளைப் புதைக்கும் இடத்தில் புதைத்தார். நான் அங்கேயே படுத்திருந்தேன். அன்றைக்குக் காய்ச்சல் வந்தது. வரும் என்று முன்னமே சொல்லியிருந்தார்கள்.

நாலாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். பூச்சி மருந்து கொடுத்தார்கள். இனி செருப்பு போடாமல் காட்டுக்குப் போகாதே, கால் வழியாகப் பூச்சி ஏறித்தான் ரத்தத்தைக் குடிக்கிறது என்றார்கள். சரி என்றேன்.

மார்பில் பால் கட்டிக்கொண்டது. அக்கா மல்லிகைப் பூவை வைத்துக் கட்டிவிட்டாள். ஒரு வாரத்தில் வற்றியது. இரண்டாம் வாரம் அரிசி களைய டின்னைத் திறந்தேன். ஒரு பிடி வாயில் போட்டேன். வெறும் அரிசி. துப்பிவிட்டேன். அப்போதுதான் மருந்து வேலை செய்கிறது என்று தெரிந்தது. அன்றைக்கு நன்றாக அழுதேன்.

மூன்றாம் வாரத்தில் குழாயடியிலிருந்து இரண்டு வாளித் தண்ணீர் தூக்கிக்கொண்டு வந்தேன். மூச்சு வாங்கவில்லை.

"மொகம் தெளிஞ்சிடுச்சுடி," என்றாள் அக்கா. சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாம் என்கிற மாதிரி உள்ளே போய்விட்டாள்.

ஒரு மாதம் கழித்து ரத்தம் பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். அவரும் கூட வந்தார். விரலில் குத்தினார்கள். பதினொன்று.

"ஏறிடுச்சு பாத்தியா? இனிமே நல்லாத்தான் இருக்கும்," என்றாள் மிஸ்ஸி. கார்டில் ஏதோ எழுதி, அவர் கையில் கொடுத்தாள்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் நான். அவர் கார்டைப் பிரித்துப் பார்த்துக்கொண்டே வந்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இந்தத் தேதி ஏன் அடிச்சிருக்கு?"

நான் வெளியே பார்த்தேன்.

"இது காப்புக் கட்டி மூணாம் நாளு."

"ம்."

"வரச் சொன்னாங்களா?"

"வரச் சொன்னாங்க. போனேன். ராத்தங்கணும்னாங்க. வந்துட்டேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"உங்க காலு..."

பஸ் இரண்டு மூன்று இடத்தில் நின்றது. ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். அவர் கார்டை இரண்டாக மடித்தார். மறுபடி பிரித்தார்.

"சொல்லியிருந்தா அவுத்திருப்பேன்ல."

"அவுக்கக் கூடாதுல்ல."

"அவுத்திருப்பேன் புள்ள. அவளுக்குத்தான கட்டுனேன்."

அவர் அவிழ்ப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

சந்தியில் இறங்கினோம். வெயில் தாழ்ந்துவிட்டது. நான் முன்னால் நடந்தேன், அவர் பின்னால். முதல் பாலம் வந்தது. தாண்டினேன். மூச்சு சீராக இருந்தது. காலில் புதுச் செருப்பு. உடம்பில் பலம் இருந்தது, அப்படி ஒரு பலம் கல்யாணமான நாளிலிருந்து எனக்கு இருந்ததில்லை. இரண்டாவது பாலமும் தாண்டினேன். பின்னால் காலடிச் சத்தம் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன்.

அவர் அந்தப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பாதத்தையும் செருப்பிலிருந்து எடுத்து, மண்ணில் வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பிப் போனேன். எனக்கு உட்காரத் தேவை இருக்கவில்லை. பக்கத்தில் நின்றேன், அவர் எழுகிற வரைக்கும்.